முகம் தெரியும் தொலைவு

பட்டிமன்றத் தலைப்பு: மனோதர்ம இசை தழைப்பது பேரரங்கிலா, சிற்றரங்கிலா? வண்டலூர், ஊரப்பாக்கம், தாம்பரம் பகுதி அவையோர் முன் “சிற்றரங்கிலேயே” என்னும் அணியின் பேச்சு.



வழக்கின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் எதிரணி ‘இசை’ என்னும் சொல்லைப் பொதுப்படையாகக் கையாண்டு, திரைப்பாடல் நிகழ்ச்சியையும் ராக ஆலாபனையையும் ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறது. இங்கே வழக்காடப்படுவது, முன்னரே முழுவதும் எழுதி முடிக்கப்பட்டு மேடையில் பிசகாமல் ஒப்புவிக்கப்படும் இசை அன்று. வாசிக்கும் அந்த நேரத்திலேயே, இலக்கணத்துக்கு உட்பட்டு, வாசிப்பவர் மனத்திலிருந்து பிறக்கும் இசை. கருநாடக இசை மரபு அதனை மனோதர்மம் என்று அழைத்து, ஆலாபனை, தானம், நிரவல், கற்பனைச்சுரம் என வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசைக்கும் அதுவே மூச்சு.

ஜாஸ் இயங்கும் முறையை அறியாதார் அவையில் இருக்கக்கூடும் என்பதால் அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. ஜாஸ் குழுவினர் பெரும்பாலும் எல்லோருக்கும் பழகிய ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு அந்த மெட்டைக் கைவிட்டு, அதன் அடியில் ஓடும் கார்டு வரிசையை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசையை, மட்டும் பற்றிக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று ஒவ்வொருவராகப் புதிய மெட்டுகளைப் புனைந்துகொண்டே போகிறார்கள். நிரவலில் பாடகர் ஒரே வரியின் சொற்களைத் தாளத்தில் அவற்றுக்குரிய இடங்களில் நிறுத்திவைத்து, சுரப்போக்கை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. டிரம்ஸ் வாசிப்பவரும் பிறரும் நான்கு நான்கு தாளச்சுற்றுகளாக மாற்றி மாற்றி வாசிக்கும் ஒரு வழக்கமும் ஜாஸில் உண்டு. தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கேள்வியும் பதிலுமாக வாசித்து, வாசிக்கும் அளவைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே வரும் ‘குறைப்பு’ என்னும் பகுதிக்கு அது ஏறத்தாழ ஒன்றுவிட்ட சகோதரன். ஆயினும் உறவு கொண்டாடி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது பிழை. ஜாஸில் ராகம் இல்லை, கருநாடக இசையில் கார்டு இல்லை. இரண்டுக்கும் பொதுவாக உள்ளது, அடுத்த நொடியில் என்ன வரும் என்பது வாசிப்பவருக்கே முழுமையாகத் தெரியாத நிலை ஒன்றே.

இவ்வணியின் வாதம் அந்த ஒரு நிலையின்மேல்தான் எழுகிறது. அடுத்து எங்கே போவது என்று நொடிதோறும் முடிவெடுக்க வேண்டியவருக்குச் சான்று எங்கிருந்து கிடைக்கிறது? கற்பனைச்சுரம் பாடுபவர் கணக்கு ஒன்றைத் தொடுத்து, பல்லவி தாளத்தில் தொடங்கும் இடமாகிய எடுப்பில் கொண்டுவந்து பொருத்தும்போது, எதிரே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் நாற்பது கைகள் ஒன்றாக விழுமானால், கணக்கு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கைகள் தடுமாறுமானால், அடுத்த சுற்றில் அதனை எளிமையாக்கவோ, வேண்டுமென்றே இன்னும் சிக்கலாக்கவோ அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. ‘பலே’ என்னும் மெல்லிய ஒலியும், புருவம் உயர்வதும், மூச்சை அடக்கிய மௌனமும், ஏன், கொட்டாவியும்கூட, அந்த இசையின் அடுத்த வாக்கியத்தை எழுதுவதில் பங்கு கொள்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு இருக்கைகள் கொண்ட மண்டபத்தில், கண்ணைக் கூசவைக்கும் விளக்கொளியின் கீழ், தம் குரலைத் தமக்கே திருப்பி ஒலிக்கும் மானிட்டர் என்னும் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு பாடுபவருக்கு, மூன்றாம் வரிசைக்கு அப்பால் இருப்பது இருட்டு. ஆகவே சிற்றரங்கு என்பது பேரரங்கு கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று எதிரணி பேசியது, இவ்விசையின் பிறப்பிடத்தையே அறியாத பேச்சு.

உலக வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. நியூயார்க் நகரின் ஏழாம் அவென்யூவில், படியிறங்கிச் செல்ல வேண்டிய ஒரு நிலவறையில், 1935-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வில்லேஜ் வேன்கார்டு என்னும் இசைக்கூடத்தில் அமரக்கூடியவர்கள் 123 பேர். அதாவது வண்டலூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஒரே பந்தியில் உண்பவர்களைவிடக் குறைவு. பியானோக் கலைஞர் பில் எவான்ஸ் 1961 ஜூன் 25 அன்று தம் மூவர் குழுவுடன் அங்கே வாசித்தவை ஜாஸ் இசையின் மிகச்சிறந்த பதிவுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. அப்பதிவுகளில் கண்ணாடிக் கோப்பைகளின் ஒலியும் கேட்போரின் பேச்சரவமும் கலந்தே கேட்கின்றன. ஒலிப்பதிவு நுட்பர் அவற்றைக் குறையென்று கருதியிருக்கக்கூடும். ஆனால் அந்த இசை எத்தனை அடி தொலைவில் மனிதர்களை வைத்துக்கொண்டு பிறந்தது என்பதை அவையே காட்டுகின்றன. 1966-இல் திங்கட்கிழமைதோறும் ஒரு பெருங்குழு அங்கே வாசிக்கத் தொடங்கியது. வாசிப்போர் மாறினாலும் அந்தத் திங்கட்கிழமை வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரே அறை, ஒரே கிழமை, அரை நூற்றாண்டுக்கு மேல்: எந்தப் பெருவிழாவும் கேட்போரை இவ்வாறு வளர்த்ததில்லை.

இந்த ஜாஸ் வரலாற்றில் தமிழர் பங்கும் உண்டு. ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் உசேன் ஆகியோருடன் கடம் விக்கு விநாயக்ராமும் மிருதங்கம் ராம்நாட் ராகவனும் சேர்ந்து வாசித்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில், மாணவர்களும் பிறரும் கேட்டிருக்க நேரடியாகப் பதியப்பட்டது. அக்குழு அந்நாளில் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கல்லூரி என்பதைத் தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியையும் வண்டலூரில் கிரசென்ட் நிறுவனத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் இந்த அவை குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி எதிரணியின் வலுவான சான்றுக்கு வருவோம். அதனை ஒதுக்கிச் செல்வது நேர்மையாகாது. நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தம் தோடி ராகத்தை வாசித்தது நான்கு சுவருக்குள் அன்று, கோயில் வீதிகளில் பெருங்கூட்டத்துக்கு நடுவே என்று எதிரணித் தலைவர் கூறினார். உண்மைதான், நாகசுரம் திறந்தவெளிக்கென்றே அமைந்த கருவி. ஆனால் சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முழங்கப் புறப்படும் ஊர்வலம் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதில்லை. முச்சந்திதோறும் நிற்கிறது, நின்ற இடத்தில் ராகம் விரிகிறது, விரியும்போது தவிலுக்கும் நாகசுரத்துக்கும் கையெட்டும் தூரத்தில், கேள்வி ஞானம் முற்றிய ஒரு வட்டம் தானாகவே கூடிவிடுகிறது. அந்த வட்டத்தின் தலையசைப்புக்காகவே ஆலாபனை நீள்கிறது. பின்னால் நிற்கும் ஆயிரவர் அதனால் பயன்பெறுகிறார்கள். ஊர்வலத்தைப் பேரரங்கு என்று எண்ணுவதைவிட, வீதிக்கு வீதி இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் சிற்றரங்கு என்று கொள்வதே பொருத்தம்.

மாறாக, டிக்கெட் வாங்கி அமரும் சபா மேடையும் ஒலிபெருக்கியும் வந்தபின் மனோதர்மத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) பெரிதும் வடிவமைத்ததாகக் கருதப்படும் இன்றைய கச்சேரி முறை, பல உருப்படிகளைச் சுருக்கமாகவும் விறுவிறுப்பாகவும் அடுக்கி, பலதரப்பட்ட கூட்டத்தைக் கட்டிப்போட வல்லது. அதன் அருமையை இவ்வணி மறுக்கவில்லை. ஆனால் அந்த அடுக்கில் ஒரே ராகத்துக்கு ஒரு மணி நேரம் தருவது அரிதாகிவிட்டது என்பதும், ராகம் தானம் பல்லவி கச்சேரியின் நடுநாயகம் என்னும் நிலையிலிருந்து இறங்கியது என்பதும் மறுக்கக்கூடியவை அல்ல. மயிலாப்பூரில் ராக சுதா அரங்கம் போன்ற சிறு கூடங்களை நாடிப் போகும் ரசிகர்கள் தேடுவது இப்படி இழந்ததைத்தான்.

ஜாஸ் மேல்தட்டினரின் ஓட்டல் இசை, அது வண்டலூருக்கு எதற்கு என்று எதிரணியில் ஒருவர் கேட்டபோது அவையில் கைத்தட்டலும் எழுந்தது. அந்தக் கைத்தட்டலுக்குப் பின்னால் பாதி வரலாறு இருக்கிறது: 1930களில் மும்பையின் தாஜ்மகால் ஓட்டல் போன்ற இடங்களின் வழியாகவே ஜாஸ் இந்தியச் செவிகளை எட்டியது என்பதால், அதன்மீது நட்சத்திர ஓட்டலின் வாசனை ஒட்டிக்கொண்டது. மீதிப் பாதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருக்கிறது. அங்கே ஏழைக் கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களில், இறந்தவரை அடக்கம் செய்யப் போகும்போது ஊதுகுழல் குழுவினர் துயரப் பாட்டுகளை மெல்ல வாசித்துச் சென்று, அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டத்துக்குரிய துள்ளலிசையை முழக்கி வருவார்கள். ஜாஸ் முளைத்த மண்ணில் அந்த வீதியும் ஒன்று. சாவு வீட்டு வாசலில் விடிய விடிய அமர்ந்து, இறந்தவரின் பெயரையும் குணத்தையும் அவர் செய்த குறும்புகளையும் அப்போதைக்கப்போது பாட்டில் கோத்துப் பாடும் வடசென்னையின் மரண கானாவை அறிந்த ஒருவர், ஜாஸை மேல்தட்டு இசை என்று எவ்வாறு கூறுவார்? மின்சார ரயிலில் பெட்டியின் சுவரையே தாளக்கருவியாக்கிக் கானா பாடிவரும் மாணவர்களின் பக்கத்து இருக்கையில், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது, பயணம் செய்யாதவர் இந்த அவையில் எத்தனை பேர்? ரயில்வே வேலையை ஒட்டிப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் நடன மாலைகள், இதே இருப்புப்பாதையோரத்தில் மேற்கத்திய இசைக்கு ஒரு காலத்தில் இடம் கொடுத்திருந்தன. ஆகவே இந்த வட்டாரத்துக்கு இது புதிதாக இறக்குமதியாகும் பண்டம் அன்று.

பணக்கணக்கில் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அறுபது பேர் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் திரள்வது 12,000 ரூபாய். நால்வர் குழு அதைப் பங்கிட்டுக்கொண்டு, வண்டிக் கூலியும் கொடுத்தபின் எஞ்சுவது, ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். சிற்றரங்கு கலைஞரின் அடுப்பை எரிக்கும் என்று இவ்வணி பொய்யுரைக்கப் போவதில்லை. ஆனால் கலைஞர் கலைஞராவது எங்கே என்பதும் கணக்கில் சேரவேண்டிய கேள்விதான். சென்னையில் 2008-இல் கே.எம். இசைக் கல்லூரியும், தெற்கே செய்யூர் அருகே 2010-இல் சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடமும் தோன்றி, ஜாஸ் உள்ளிட்ட இசை முறைகளை இளைஞர்களுக்குக் கற்பித்தன. சென்னையில் வாழ்ந்து 2015-இல் மறைந்த பியானோக் கலைஞர் மாதவ் சாரி போன்றோர், ஜாஸை வாசித்துக் காட்டியதோடு விளக்கிச் சொல்லியும் செவிகளைப் பழக்கினர். இவ்வாறு கற்று வெளிவரும் இளைஞர், தவறு செய்யவும் தவறிலிருந்து மீளவும் வாரம் ஒரு மாலை இடமில்லாவிட்டால், கற்றதனைத்தையும் பாதுகாப்பான நான்கு அலங்காரங்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டு காலந்தள்ளுவார். பெருமேடை அவருக்கு அந்தத் தவறை அனுமதிக்காது. சீட்டின் விலை அப்படி.

  

கடைசியாக, தொலைவு. வண்டலூர், சென்னை நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் ரசிகர்களைச் சபா உலகம் நெடுங்காலமாகக் கேலி செய்துவருகிறது. அவர்களுள் காபி தேடிப் போகிறவர்கள் ஒருபுறமிருக்க, கடைசி ரயிலைக் கணக்கிட்டு எழுந்துபோகும் தாம்பரத்துக்கு அப்பாற்பட்டவர்களும் உண்டு. கச்சேரியில் மனோதர்மம் தாளத்தின் உச்சிக்கு ஏறும் பகுதியை, தொலைவு என்னும் ஒரே காரணத்தால், ஒரு வட்டாரமே கேட்காமல் வீடு திரும்புகிறது. அருகிலுள்ள கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து முனையம் வந்துவிட்டது. முன்னே, 1985-இல், உயிரியல் பூங்காவே நகரின் நடுவிலிருந்து வண்டலூருக்கு வந்துவிட்டது. புலியும் சிங்கமும் வர முடிந்த தொலைவுக்கு ஒரு சாக்ஸபோனும் ஒரு மிருதங்கமும் வர முடியாதா என்ன?

வருவதற்குக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. ஊரப்பாக்கம் முதல் மண்ணிவாக்கம் வரை எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், பிறந்தநாளுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் மட்டும் திறந்து, மற்ற நாட்களில் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைக்கும் கூடம் ஒன்று உண்டு. நாற்பது நாற்காலிகளும், இரைச்சலிடாத மின்விசிறியும், அணைத்து வைத்த கைப்பேசிகளும் போதும். ஒலிபெருக்கியும் தேவையில்லை, ஆகவே மேல்மாடிக்காரரின் தூக்கமும் கெடாது. நடுவர் அவர்கள் எந்தப் பக்கம் தீர்ப்பளித்தாலும் சரி, இந்த அவையில் அமர்ந்திருக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலைக்கு அந்தக் கூடத்தின் சாவியை இவ்வட்டாரத்து இளம் இசைக்கலைஞர்களிடம் கொடுக்க வேண்டும் என்று இவ்வணி கேட்டுக்கொள்கிறது.