கால்நடை நஷ்டமும் சர்க்கார் உதவியும்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்பொழுது, “புயலில் மாடுகள் போய்விட்டன, தவணை கட்ட இயலவில்லை” என்று முறையிடும் அங்கத்தினரைக் காண்கிறேன். எந்தத் தேதி, எத்தனை உருப்படி, கண்டவர் யார் என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. அவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இராது. இது விஷயமாக அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கூற விரும்புகிறேன்.

அந்நாட்டின் தெற்கு டக்கோட்டா ராஜ்யத்தின் மேற்குப் பகுதி பரந்த புல்வெளி. மாட்டு மந்தைகளே அங்குள்ள பலருக்கு ஜீவனம். 2013-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி முதல் 5-ந் தேதி வரை அங்கே பனிப்புயல் வீசிற்று. முதலில் மழையில் மாடுகள் நனைந்தன. பிறகு கடுங்காற்றும் பனியும் தாக்கின. சில இடங்களில் 4 அடிக்கு மேல் பனி விழுந்தது. குளிர்காலத்து அடர்ந்த மயிர் இன்னும் வளராத பருவமாதலால் பதினாயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. பலர் இந்நஷ்டத்திற்கு இன்ஷூரன்ஸ் செய்திருக்கவில்லை.

இத்தகைய நஷ்டத்திற்குச் சர்க்கார் உதவித் திட்டம் ஒன்று முன்னர் இருந்தது. அதன் காலம் 2011-லேயே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, செலவுக்குச் சட்டசபையின் அனுமதி கிடைக்காமல், அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய சர்க்காரின் விவசாயக் காரியாலயங்களும் மூடிக் கிடந்தன. நஷ்டத்தைத் தெரிவிப்பதற்கும் இடமில்லை.

அப்பொழுது அவர்களுக்குக் கிடைத்த யோசனை ஒன்றே: மாண்ட மாடுகளைப் புதைக்குமுன் எண்ணுங்கள், படம் பிடியுங்கள், உறவினரல்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்பதே.

2014 பிப்ரவரி 7-ந் தேதி புதிய விவசாயச் சட்டம் நிறைவேறிற்று. அத்திட்டம் நிரந்தரமாக்கப்பட்டு, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த நஷ்டங்களுக்கும் செல்லுபடியாயிற்று. ஏப்ரல் 15 முதல் மனுக்கள் பெறப்பட்டன. புயலில் மாண்ட மாட்டிற்குச் சந்தை விலையில் நூற்றுக்கு 75 வீதம் கொடுக்கப்படும். அதுவும் வருஷந்தோறும் சாதாரணமாக இறக்கும் தொகைக்கு மேற்பட்டவற்றிற்கு மட்டுமே. ஆகவே, உயிருடன் இருந்தவை எத்தனை, மாண்டவை எத்தனை என்ற இரு கணக்கும் தேவை. ஆரம்பத்தில் நஷ்டம் 1 லட்சம் உருப்படி வரை இருக்குமென்று பேசப்பட்டது. பின்னர்ப் பதிவான தொகை அதற்கு வெகு குறைவு. வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுப்பார் யார்?

மற்றொன்றும் கவனியுங்கள். புயலுக்கும் மனுப்பெறும் நாளுக்கும் இடையே ஆறு மாதம் கடந்தது. அதுவரை கைகொடுத்தவர்கள் அண்டை அயலாரே. ராஜ்யத்தின் மாடு வளர்ப்போர், ஆடு வளர்ப்போர் சங்கங்கள் சில தினங்களுக்குள் ஒன்றுகூடி நிவாரண நிதி தொடங்கின. வேறு ராஜ்யத்து விவசாயிகளும் தங்கள் கிடாரிகளைத் தானமாக அனுப்பினார்கள்.

அங்கத்தினர்களே! சர்க்கார் உதவி வரலாம்; வந்தாலும் தாமதமாக வரும், முழுமையாக வராது. ஆகையால் ஒவ்வொருவரும் கால்நடைகளின் நிறம், வயது, அடையாளம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நஷ்டம் நேர்ந்தால் அன்றைய தினமே இரண்டு அயலார் கையொப்பம் பெறுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கக் காரியதரிசி எழுதிக் கொடுக்கட்டும். சங்கத்திற்குப் பொது நிதியும் சேருங்கள். துன்பம் வந்த பின் தேடும் கணக்கு உதவாது. முன்பே எழுதிய கணக்கே உதவும்.