புற்றுநோய்ச் சிகிச்சையும் இதயப் பாதுகாப்பும்



புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் வாழ்வே முடிந்தது என்று குடும்பங்கள் கலங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் முதலியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து முறையான சிகிச்சை பெற்றவர்களுள் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். அவ்வாறு வாழ்பவர் தொகை பெருகப் பெருக, மருத்துவர்கள் வேறொரு செய்தியையும் கண்டனர். புற்றுநோய்க் கட்டியை அழித்த மருந்துகளுள் சில, இதயத்தையும் தாக்கியிருந்தன. நோயை வென்ற பின் இதயம் தளர்ந்து துன்புறுவோர் உண்டு என்பது தெளிவாயிற்று. இதனை ஆராய்ந்து காக்கும் துறை 'கார்டியோ ஆன்காலஜி' எனப்படுகிறது. ஐரோப்பிய இதயவியல் கழகம் இத்துறைக்கென முழுமையான வழிகாட்டு நெறிகளை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது.

மருந்தும் அதன் அளவும்

1950களில் இத்தாலியின் தென்பகுதியில், காஸ்டல் டெல் மான்டே என்னும் பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த செந்நிறப் பொருளிலிருந்து முதலில் டானோரூபிசின் பெறப்பட்டது. பின்னர், அதன் திரிந்த வகையிலிருந்து டாக்ஸோரூபிசின் கிடைத்தது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரைத் தழுவி அதற்கு ஏட்ரியாமைசின் என்ற பெயரும் வழங்கலாயிற்று. இன்றும் மார்பகப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பல இடங்களில் ஏற்றப்படும் சிவப்பு நிற மருந்து இதுவே.

இம்மருந்து புற்றணுக்களின் மரபுப்பொருளைச் சிதைத்து அவை பெருகாமல் தடுக்கிறது. இதயத்தசை அணுக்களிலும் அது புகுந்து, அவற்றுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களைக் கெடுக்கிறது. தோலும் முடியும் மீண்டும் வளரும். இழந்த இதயத்தசையோ எளிதில் புதிதாக வளர்வதில்லை. ஆகவே ஒருவர் வாழ்நாளில் பெற்ற மருந்தின் மொத்த அளவு முதன்மையான கணக்காகிறது.

1979ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் வான் ஹாஃப் குழுவினர், ஏறத்தாழ 4,000 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தனர். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 550 மில்லிகிராம் பெற்றவர்களில் 7 பேருக்கும், 700 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 பேருக்கும் இதயச் செயலிழப்பு நேரும் என அவர்கள் கணக்கிட்டனர். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த மறு ஆய்வில் இவ்வெண்கள் முறையே 5, 26, 48 என உயர்ந்தன. மார்பகப் புற்றுநோய்க்கு இந்நாளில் வழக்கமாகத் தரும் நான்கு தவணைகளின் மொத்த அளவு 240 மில்லிகிராமே. ஆதலால் அஞ்சி நடுங்கத் தேவையில்லை. எனினும் முதுமை, இரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், முன்பே உள்ள இதய நோய் ஆகியவை இருப்பின் குறைந்த அளவும் தீங்கு செய்யக்கூடும்.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து, 'ஹெர்-2' வகை மார்பகப் புற்றுநோயாளிகளுக்குப் பெரும் வரமாயிற்று. அதனை டாக்ஸோரூபிசின் வகை மருந்துடன் ஒரே காலத்தில் கொடுத்தபோது, நூற்றுக்கு 27 பேருக்கு இதயப் பாதிப்பு காணப்பட்டது. அதனால் இவ்விரண்டும் இப்போது பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாகவே தரப்படுகின்றன. டிராஸ்டுசுமாப்பினால் வரும் தளர்ச்சி, மருந்தை நிறுத்தி உரிய மருத்துவம் செய்தால் பெரும்பாலும் சீராகிவிடும்.

கதிர்வீச்சுக்கும் இதில் பங்குண்டு. சுவீடன், டென்மார்க் நாடுகளில் 2,168 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதயத்தின் மீது சராசரியாகப் படும் கதிர்வீச்சு ஒவ்வொரு கிரே கூடும்போதும், மாரடைப்பு முதலிய இடர்கள் 7.4 விழுக்காடு கூடுவதாகவும், அவ்விளைவு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கிக் குறைந்தது இருபது ஆண்டுகள் நீடிப்பதாகவும் அது காட்டியது. இடப்பக்க மார்பில் கதிர்வீச்சு பெறுவோரை மூச்சை ஆழமாக இழுத்து அடக்கச் செய்து, இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கும் முறை இப்போது கையாளப்படுகிறது.

இதயத்தைக் காணும் வழிகள்

1953ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், கப்பல் கட்டும் தளத்தில் உலோக வெடிப்புகளைத் தேடப் பயன்பட்ட ஒலியலைக் கருவியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அதுவே இன்றைய 'எக்கோ' பரிசோதனையின் தொடக்கம். இதில் கதிர்வீச்சு இல்லை. ஊசியும் வலியும் இல்லை.

எக்கோ அறிக்கையில் 'இ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். இதயத்தின் இடக் கீழறை நிறைந்துள்ள இரத்தத்தில், ஒரு துடிப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதே அது. ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருப்பது இயல்பு. சிகிச்சைக்கு முன்பிருந்த எண்ணைவிடப் பத்துப் புள்ளி குறைந்து, ஐம்பதுக்குக் கீழே சென்றால் அது கவனிக்க வேண்டிய பாதிப்பாகும்.

ஆனால் இந்த எண் குறையும்போது தசை ஏற்கெனவே கணிசமாகத் தளர்ந்திருக்கும். அதற்கு முன்பே தளர்ச்சியைக் காட்டுவது 'ஸ்ட்ரெய்ன்' என்னும் அளவு. தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை அது கணக்கிடுகிறது. முதலில் 20 ஆக இருந்த ஸ்ட்ரெய்ன் 17க்குக் கீழே இறங்கினால், குறைவு நூற்றுக்கு 15ஐத் தாண்டிவிட்டது எனக் கொண்டு மருத்துவர் விழிப்படைவார். கருவிக்குக் கருவி இவ்வளவு சற்று மாறுபடுவதால், இயன்றவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் பரிசோதிப்பது நன்று. எக்கோவில் தெளிவு கிட்டாதபோது எம்.ஆர்.ஐ. உதவும், தசையின் வீக்கத்தையும் தழும்பையும் அது காட்டும். இரத்தத்தில் டிரோபோனின் அளவு பார்ப்பதும் துணை செய்யும்.

காலத்தின் அருமை

இத்தாலியின் மிலான் நகரில் மருத்துவர் கார்டினாலே குழுவினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குடும்பத்தார் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளத்தக்கது. சிகிச்சையால் இதயம் தளர்ந்த 201 பேரை அவர்கள் கவனித்தனர். கீமோதெரபி முடிந்து இரண்டு மாதங்களுக்குள் இதய மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு இ.எஃப். முழுமையாக மீண்டது. ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் அது முழுமையாக மீளவில்லை. 2015ஆம் ஆண்டில், 2,625 பேரை முறையாக எக்கோவில் கண்காணித்த முடிவை அவர்களே வெளியிட்டனர். அவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு இதயப் பாதிப்பு உண்டாயிற்று. அதில் மிகப் பெரும்பாலானவை முதல் ஆண்டிலேயே தெரிந்தன. உடனே மருந்து பெற்றதால், பாதிப்புற்றோரில் நூற்றுக்கு 82 பேர் முழுதாகவோ ஓரளவோ தேறினர். அம்மருந்துகள் இரத்தக்கொதிப்புக்கும் இதயத் தளர்ச்சிக்கும் நெடுங்காலமாக வழங்கிவரும் எளிய மாத்திரைகளே.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

முதல் தவணை மருந்து ஏறுவதற்கு முன்பே ஓர் எக்கோ எடுத்து வைத்தல் வேண்டும். தொடக்க எண் இல்லையேல் பின்னர் குறைந்ததா என ஒப்பிட இயலாது. டிராஸ்டுசுமாப் பெறுவோர்க்கு வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், டாக்ஸோரூபிசின் பெற்றோர்க்குச் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள்ளும் பரிசோதனை தேவை. இரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தலும், உடல் இடங்கொடுக்கும் அளவு நாள்தோறும் நடத்தலும் இதயத்துக்குக் காவல்.

மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குதல், படுத்தால் மூச்சு முட்டுதல், கால் வீங்குதல், சில நாள்களில் எடை கூடுதல் ஆகியவற்றைக் 'கீமோவின் களைப்பு' என்று ஒதுக்கிவிடலாகாது. நம் இல்லங்களில் தாய்மார்கள் பிறர்க்குத் தொல்லை தரலாகாதென்று இத்தகைய துன்பங்களை மறைப்பதுண்டு. வீட்டிலுள்ளோரே கேட்டறிய வேண்டும்.

இரவுணவு தவிர்ப்போரும் பருவ நோன்பு நோற்போரும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். மாலை மாத்திரையைப் பகற்பொழுதுக்கு மாற்ற இயலுமா என அவர் பார்ப்பார். சிகிச்சை நடக்கும் நாள்களில் நீரின்றி இருப்பதும், தாமாக மாத்திரையை விடுவதும் தீங்கு பயக்கும்.

அதுபோல, இதயத்துக்கு அஞ்சிப் புற்றுநோய் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் பெரும் பிழை. பல வேளைகளில் இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கலந்து பேசி, இதயத்துக்கு மாத்திரை தந்துகொண்டே புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடர இயலும்.

சிகிச்சை முடிந்ததும் மருந்தின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட பகுதி, எக்கோ அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் காத்தல் வேண்டும். சிறுவயதில் சிகிச்சை பெற்ற பெண் மகவு வளர்ந்து மணமாகித் தாய்மை அடையும்போதும், பெரியவர் ஒருவர் பத்தாண்டு கழித்து அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும்போதும், அந்தக் கோப்பே மருத்துவருக்கு வழிகாட்டும். நோய் வந்ததை மறைக்காமல் சொல்வதில் இழுக்கு ஏதுமில்லை. உரிய காலத்தில் சொன்னால் இதயத்தையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம்.