கிரேட் மால் நிற்கும் இடம்



கலிஃபோர்னியாவின் மில்பீட்டஸ் நகரில் உள்ள கிரேட் மால் அங்காடிக்குப் போகாத குடும்பம் இந்த அரங்கில் இருக்காது. பிள்ளைகளுக்கு ஷூ வாங்குகிற அந்தக் கூரையின் கீழ்தான் 1955 முதல் 1983 வரை ஃபோர்டு கார் தொழிற்சாலை ஓடியது. மஸ்டாங் கார் அங்கே உருவானது, பிண்டோ காரும் உருவானது. ஆலை மூடிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1994-இல் மால் திறந்தார்கள். நான் பேச வந்தது அந்த ஆலைத் தொழிலாளிகள் வீடு தேடி அலைந்த கதையை.

1955-க்கு முன் ஃபோர்டு ஆலை ரிச்மண்ட் நகரில் இருந்தது. மில்பீட்டஸுக்கு மாற்றியதும் வெள்ளைத் தொழிலாளிகள் பக்கத்திலேயே புதுவீடு வாங்கிக் குடிவந்தார்கள். கறுப்பினத் தொழிலாளிக்குக் கையில் சம்பளம் இருந்தும் விற்க ஆளில்லை. கலப்புக் குடியிருப்பு என்றால் வீட்டுக்கடனுக்கு அரசே உத்தரவாதம் தர மறுத்த காலம் அது. ரிச்மண்டிலிருந்து ஒரே காரில் பலபேர் நெருக்கியடித்து ஏறி, போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று அலைந்தார்கள்.

கார்த் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யூ. சங்கத்தின் 560-ஆம் கிளை சும்மா இருக்கவில்லை. அதன் வீட்டுவசதிக் குழுவுக்குத் தலைவர் பென் கிராஸ், அந்த ஆலையின் கறுப்பினத் தொழிலாளி. எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழும் குடியிருப்பை நாமே கட்டுவோம் என்று இறங்கினார்கள். குவேக்கர் கிறித்தவப் பிரிவினரின் அமைப்பு கைகொடுத்தது. ஓரிடத்தில் நிலம் பார்த்தால், விஷயம் தெரிந்ததும் அதிகாரிகள் அது தொழிற்பேட்டைக்கு உரியது என்று வகையை மாற்றினார்கள். வேறு இடத்தில் கழிவுநீர் இணைப்புக் கட்டணத்தைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். எனக்கு நெஞ்சு கொதிப்பது இங்கேதான். "வராதே" என்பதைச் சாக்கடைக் கட்டண ரசீதிலேயே எழுதிவிட்டார்கள்!

சங்கம் விடவில்லை. மில்பீட்டஸில் சன்னிஹில்ஸ் குடியிருப்பு எழுந்தது. இழுத்தடிப்பில் சலித்துப் பல கறுப்பினக் குடும்பங்கள் ரிச்மண்டிலேயே தங்கிவிட்டன, அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது. ஆனால் அந்த பென் கிராஸ் 1966-இல் மில்பீட்டஸ் மேயரானார். கலிஃபோர்னியாவின் முதல் கறுப்பின மேயர்களில் ஒருவர் அவர்.

இன்று அதே ஊரில் நம் பெயரில் வீட்டுப் பத்திரம் பதிகிறோம். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த வகுப்பில் பென் கிராஸின் கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். சன்னிஹில்ஸ் தெருக்களில் அவர்களை ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள்.