வாப்பாவின் வளவும் கைத்தொலைபேசிச் சட்டமும்

(நூற்றாண்டு விழாவில் ஒரு வகுப்பினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



விழா மேடையில் மௌத்தையும் முதுசத்தையும் பற்றிப் பேசலாமா என்று எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டோம். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப்பில் சமையலுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது இந்தக் கதைதான். ஆகவே பேசுகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் வாப்பா மௌத்தானார். உம்மா இருக்கிறா. இரண்டு தம்பிமார் கத்தாரில். கல்யாணத்தின்போது வாப்பா, "இந்த வீடு உனக்குத்தான் மகள்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அது போதும். வீடு பெண்ணுக்கு என்பது நம்மூர் வழக்கம். உறுதி மட்டும் வாப்பாவின் பெயரிலேயே கிடந்தது.

நாற்பதாம் நாள் முடிந்ததும் மூவரும் தொலைபேசியைத் திறந்தார்கள். தம்பிமாருக்கு ஒரு கணிப்பான் கிடைத்தது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. நாற்பது பங்கில் உம்மாவுக்கு 5, தம்பிமாருக்கு 14 வீதம், தோழிக்கு 7. கணக்கில் பிழையில்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மௌத்தானவரின் மத்ஹபுப்படிதான் பிரிக்கச் சொல்கிறது. ஆனால் எந்தச் சொத்தைப் பிரிப்பது, கடன் இருந்ததா, உம்மாவின் மஹர் கொடுபட்டதா என்று அந்தக் கணிப்பான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

தோழி தமிழில் தேடினாள். தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாடு. பட்டா, சிட்டா, தாசில்தார், வாரிசுச் சான்றிதழ். இவற்றில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை; நமக்கு உறுதி, நொத்தாரிசு, காணிப் பதிவகம், பிரதேச செயலகம். அந்தப் பக்கங்களில் ஒன்று, முஸ்லிம்களுக்கு வாய்மொழி ஹிபாவே செல்லும் என்றது. இந்தியாவில் அது சரி. அங்கே 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்குத் தந்திருக்கிறது. இங்கே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஊரே கேட்ட சொல் உறுதியாகவில்லை. எழுதியிருந்தாலும், மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே சொல்லாவிட்டால் அந்த நன்கொடை மீளப்பெறக்கூடியதுதான். இதுவும் அதே 1931ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது.

அவளுடைய மகள் ஆங்கிலத்தில் தேடினாள். மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி என்று வந்தது. அது 1876ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம், நமக்குப் பொருந்தாது. பிறகு, பத்து வருடம் குடியிருந்தால் காணி சொந்தம் என்றது இன்னொரு பக்கம். தோழி பதினெட்டு வருடம் இருந்தவள், அன்றிரவு நிம்மதியாக உறங்கினாள். கூட்டுரிமைக்காரர் ஒருவர் இருப்பது மற்றவர்களுக்காகவும்தான்; அவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கினால் ஒழிய ஆட்சியுரிமை வராது என்று இலண்டன் பிரிவுக் கவுன்சில் இலங்கை வழக்கொன்றிலேயே நூறு வருடத்துக்கு முன் தீர்த்துவிட்டது. தொலைபேசி அதைச் சொல்லவில்லை. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவள் அவருடைய சம்மதத்தோடு இருந்தவள் என்பதையும் சொல்லவில்லை.

வயலைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அது கல்லோயாத் திட்டத்தில் கிடைத்த அளிப்புக் காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட காணிக்கு நாற்பது பங்குக் கணக்கு கிடையாது. முதலில் உயிரோடுள்ள துணைவருக்கு, பிறகு பெயர் குறிக்கப்பட்ட பின்னுரிமையாளருக்கு. ஒருவரையும் குறிக்காவிட்டால் மகன்மார் முன்னுக்கு என்ற ஒழுங்கை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அதற்கு முன் எழுதிய பக்கங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, திகதிகூட இல்லாமல்.

சிலர் காதி நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். காதியாரிடம் போவது கல்யாணம், தலாக், தாபரிப்பு, மஹர், கைக்கூலி போன்றவற்றுக்கு. மரணச் சொத்து மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

கடைசியில் உதவியது காகிதங்கள்தான். 2004 சுனாமியில் நம் கடற்கரையில் எத்தனை பேருடைய உறுதிகள் பெட்டியோடு போயின என்பது உங்களுக்குத் தெரியும். தோழியின் வீட்டிலும் போனது. ஆனால் நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எங்களில் இருவர் அவளோடு போய்ப் பதிவேடுகளைத் தேடினோம். முழு நாளும் கதிரையில் இருந்தோம்; மூன்றாம் முறை போனபோதுதான் பிரதி கைக்கு வந்தது. அதையும் அளிப்புப் பத்திரத்தையும் சட்டத்தரணி ஒருவரிடம் விரித்து வைத்தபோது அவர் முதலில் கேட்டது பங்கை அல்ல. "தம்பிமார் என்ன சொல்றாங்க?" என்றார்.

சட்டப்படி வீடு நாற்பது பங்குதான். ஆனால் தங்கள் பங்கை ராத்தாவுக்கு எழுதிக் கொடுக்கத் தம்பிமாரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உம்மா பேசினா. வாப்பா சொன்ன சொல்லை அவர்களும் கேட்டவர்கள்தானே. மூத்த தம்பி டோஹாத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்தை அத்தாட்சிப்படுத்தி அனுப்பிவிட்டான். இளையவன் அடுத்த நோன்புப் பெருநாளுக்கு நேரில் வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். தோழி இன்று முன்வரிசையில் இருக்கிறாள். உம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. பெருநாளுக்கு இன்னும் ஐந்து மாதம்.