விளக்குக்கு வரும் எண்ணெய்



இத்தாலி நாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்துள்ளனர். நாங்கள் அந்நாட்டைக் கண்டவர்கள் அல்லர். எங்கள் மகள் அங்கே போலோஞா நகரில் உதவித்தொகை பெற்றுப் பயில்கிறாள். அவள் கண்டு சொன்னதையே இங்கு கூற வந்துள்ளோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விடுமுறைதோறும் அவள் வெளியூர் செல்கிறாள் என்றறிந்து, "படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?" என்று தொலைபேசியில் கடிந்துகொண்டோம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த முறை பேசுகையில், ராவென்னா நகருக்குச் சென்று வந்ததை விவரித்தாள்.

போலோஞா ரயில் நிலையத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் 10 மணி 25 நிமிடத்தில் நின்றுவிட்டிருக்கிறதாம். எங்கள் உத்தியோகத்தில் நிலையக் கடிகாரம் நிற்பது சிறிய குற்றமன்று. "கவனிக்க ஆள் இல்லையா?" என்றோம். "வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அப்பா" என்றாள். 1980 ஆகஸ்டு 2ஆம் நாள் காலை அந்நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பயணிகள் தங்கும் அறையில் வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டு வெடித்து 85 பேர் மாண்டனர். அவர்தம் பெயர்கள் அங்கே சுவரில் உள்ளன. பிளந்த சுவரின் ஒரு பகுதியையும் மூடாமல் விட்டுவைத்துள்ளனர். நாங்கள் சற்று நேரம் பேச்சற்றிருந்தோம்.

ராவென்னாவுக்குச் சாதாரண வண்டியிலேயே சென்றாள். அங்கே காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், வண்டி ஏறுமுன் நிலையத்திலுள்ள பொறியில் முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். (நம் தொழில் அல்லவா, கேளாமல் இருக்க முடியவில்லை!) சான் விட்டாலே ஆலயத்தில், 6ஆம் நூற்றாண்டில் வண்ணச் சில்லுகளைப் பதித்து அமைத்த சித்திரங்களைக் கண்டாள். ஆனால் அவள் அதிகம் பேசியது தாந்தே என்னும் மகாகவியின் கல்லறையைப் பற்றியே.

தாந்தே 1265இல் புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். 1302இல் அந்நகரம் அவரை நாடுகடத்தியது. திரும்பினால் மரண தண்டனை என்றும் விதித்தது. அவர் திரும்பவேயில்லை. 1321இல் ராவென்னாவில் மறைந்தார். பின்னர் புளோரன்ஸ் மனம் மாறி, அவர் எலும்புகளையேனும் தருமாறு கேட்டது. 1519இல் போப்பின் அனுமதியோடு ஆட்கள் வந்து திறந்தபோது கல்லறை வெறுமையாக இருந்தது. பக்கத்து மடத்துத் துறவிகள் சுவரைத் துளைத்து எலும்புகளை முன்னரே எடுத்து மறைத்துவிட்டனர்! அவை மீண்டும் அகப்பட்டது 1865இல்தான். இன்று அக்கல்லறையில் ஒரு விளக்கு எரிகிறது. அதற்கான எண்ணெயை ஆண்டுதோறும் செப்டம்பரில் புளோரன்ஸ் நகரமே கொண்டுவந்து கொடுக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, "அப்பா, நம் ஊரிலிருந்து நமக்கு எண்ணெய் வருகிறதா?" என்று சிரித்தபடி கேட்டாள். இக்காலனியிலேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். பொங்கலுக்குப் பெரியப்பா அனுப்பும் நல்லெண்ணெய் டின்னை நினைத்துத்தான் கேட்டாளோ, வேறு எதை நினைத்தோ, நாங்கள் அறியோம். உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை.

புளோரன்ஸில் தாந்தேக்கென்று ஒரு பெரிய நினைவுக் கல்லறை இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த விடுமுறையில் அதைக் காணச் செல்கிறாளாம். இம்முறை செலவுக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டு, பணம் அனுப்பியுள்ளோம்.