பசிக்கு விடுமுறை இல்லை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியை நாம் அனைவரும் அறிவோம். அள்ளக் குறையாத அப்பாத்திரமும், ஆதிரை என்னும் இல்லறத்தாள் முதற் பிச்சை இட்ட பின்னரே பசித்தோர்க்குச் சோறு சுரந்தது. ஒரு வீட்டின் அடுப்பிலிருந்தே பேரறம் தொடங்கிற்று.

அண்மை வரலாறும் இதையே சொல்கிறது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, ஊரார் உவந்து தந்த பொருளே அதற்கு முதலாக நின்றது. 1957-இல் அரசும் தோள் கொடுத்தது. ஒரு பிள்ளையின் உணவுக்கான பத்துக் காசில் ஆறு காசை அரசு ஏற்றது. எஞ்சிய நான்கு காசு உள்ளூர்ப் பொறுப்பாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது.

நாம் வந்து வாழும் கேரளத்திலோ, 1984 டிசம்பர் முதல் நாளன்று மாநில அரசின் மதிய உணவுத் திட்டம் கடலோர மீனவர் ஊர்ப் பள்ளிகளில் முதலில் தொடங்கிற்று. பொருத்தமான தொடக்கமே அது. ஆனி, ஆடியில் கடல் சீறும். பூந்துறையிலும் வலியதுறையிலும் வள்ளங்கள் கரையில் கிடக்கும். மலையாளத்தார் அம்மழைக்காலத்தைப் ‘பஞ்ஞக் கர்க்கடகம்’ என்றே அழைப்பர். பள்ளிகள் திறக்கும் பருவமும் அதனை ஒட்டியதே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 நாட்கள் சமைத்த உணவு தருமாறு ஆணையிட்டது. நாட்காட்டியிலோ 365 நாட்கள் உள்ளன. பள்ளிக்கு விடுமுறை உண்டு. பசிக்கு விடுமுறை உண்டோ? அரசின் கை எட்டாத அந்நாட்களே நம்மைப் போன்ற சங்கங்களின் பொறுப்பாகும்.

நாமும் ஆண்டு விழாவில் பாயசத்தோடு அன்னதானம் செய்கிறோம். நன்று. ஆனால் மறுநாள் அப்பிள்ளைகள் உண்டனரா என்று கேட்டதில்லை. ஒரு நாள் விருந்து நம் மனத்தை நிறைக்கும். நாள் தவறாத சோறே பிள்ளையின் வயிற்றை நிறைக்கும்.

வழி தொலைவில் இல்லை. இந்நகரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 2017-இல் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தார் ‘ஹிருதயபூர்வம்’ என்னும் பொதிச்சோற்றுப் பணியைத் தொடங்கினர். வீடுதோறும் தம் சமையலோடு ஒரு பொதி கூட்டிக் கட்டித் தருகின்றனர். இளைஞர் அவற்றைத் திரட்டி நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் அளிக்கின்றனர். அவர்தம் அரசியல் நமக்கு உடன்பாடோ அன்றோ, அம்முறை நாம் கற்கத்தக்கது. உலை வைத்த கை எதுவென்று உண்பவர் அறியார். உண்ணும் முகம் எதுவென்று இட்டவரும் அறியார். அதனால் எவரும் தலை குனிய வேண்டுவதில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. ஞாயிறுதோறும், பள்ளி விடுமுறை நாள்தோறும், முறை வைத்து வீட்டுக்கு ஒரு பொதி ஒதுக்குவோம். சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் நம்மவர் அரிசியால் உதவட்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தல் வேண்டா; பெயர்ப் பலகையும் வேண்டா. நம் பிள்ளைகளும் அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணட்டும்.

பிழைக்க வந்த நமக்கு இம்மண் சோறு இட்டது. அதன் பிள்ளைகளுக்கு நாம் இடுவது தானம் அன்று, கடன்.