துறைமுகம் இல்லாத துறை

தண்ணீரூற்று என்னும் பெயரைக் கேட்டவர் எவரும் அந்த ஊரை உப்புக் கடலோடு சேர்த்து எண்ணமாட்டார். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், முள்ளியவளையை ஒட்டி அமைந்த ஊர் அது. ஊற்றங்கரைப் பிள்ளையார் கோவிலும், வயல்வெளியும், தென்னந்தோப்புகளும் அவ்வூரின் அடையாளங்கள். ஆயினும் அவ்வூர் மக்களின் மதியச் சோற்றை முடிவு செய்வது சில கல் தொலைவில் கிழக்கே விரிந்து கிடக்கும் வங்கக் கடலேயாகும். முற்பகலில் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் ஒலியெழுப்பிக்கொண்டு வந்தால் அன்று மீன்கறி. வராவிட்டால் பருப்பும் கீரையும். வியாபாரி வராத நாளில் கடலில் என்ன நடந்தது என்று விசாரிப்பவர் சிலரே.

முல்லைத்தீவுக் கடற்கரையை அறியாத நேயர்கள் முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அங்கே துறை உண்டு, துறைமுகம் இல்லை. தெற்கே திருகோணமலைக்குப் போனால் உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகம் ஒன்று இருக்கிறது. முல்லைத்தீவிலோ திறந்த கடலும் நீண்ட மணற்கரையும் மட்டுமே. ஆகவே அங்கே கடற்றொழிலாளியின் நாள் தோள்வலியோடு தொடங்கித் தோள்வலியோடு முடிகிறது.

வைகறைக்கு முன்னரே வாடிகளில் விளக்கு எரியத் தொடங்கும். மரத்தாற் செய்த வள்ளங்களும் கட்டுமரங்களும் இருந்த இடத்தில் இன்று கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு படகில் இரண்டு பேர், அல்லது மூன்று பேர். வலையை மடித்து ஏற்றி, மண்ணெண்ணெய்க் கலனை வைத்து, குடிதண்ணீரும் சோற்றுப் பொதியும் எடுத்துக்கொண்டபின் படகை மணலில் தள்ளுகிறார்கள். பக்கத்துப் படகுக்காரரும் வந்து தோள் கொடுப்பார்கள். அவர்களுடைய முறை வரும்போது இவர்கள் கொடுப்பார்கள். இதற்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

நீர் முழங்காலளவு வந்ததும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். படகை ஓட்டும் தண்டையல் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்தபின் கடல் சற்றே மூச்சு வாங்குவதுபோல் ஓர் இடைவெளி தரும். அந்த இடைவெளிக்குள் படகு மடையும் அலையைத் தாண்டியாக வேண்டும். இயந்திரத்தின் விசிறி மணலில் முட்டும் ஆழத்தில் அதை இறக்க முடியாது. இறக்கத் தாமதித்தாலோ அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். தண்டையலின் வாயிலிருந்து ஒரு சொல் பிறக்கிறது. எல்லோரும் ஒருங்கே தள்ளுகிறார்கள், ஏறுகிறார்கள், இயந்திரம் முழங்குகிறது. இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிப்பதில்லை. கற்பிக்கவும் இயலாது போலும்.

பாயிழுத்துப் போன காலத்தில் நாளின் அமைப்பைக் காற்றே வகுத்தது. பின்னிரவில் தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மென்காற்றில் பாய் விரித்துப் போவார்கள். வெயில் ஏறியபின் கடலிலிருந்து கரை நோக்கித் திரும்பும் காற்றில் வந்து சேர்வார்கள். காற்றுக்கு எவரும் பணம் கொடுத்ததில்லை. இயந்திரம் வந்தபின் தொழிலாளிக்கு நேரம் பற்றிய விடுதலை கிடைத்தது. அதனோடு எரிபொருள் பற்றிய கடனும் வந்தது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, அந்த விடுதலையின் விலை என்னவென்பது கரையோரம் முழுவதற்கும் தெரிந்தது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எரிந்த எண்ணெய் எரிந்ததே.

தொழிலுக்கு ஏற்ற காலம் பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரையில் என்பது பொதுக் கணக்கு. ஐப்பசியில் மழையும், அதனைத் தொடர்ந்து வாடைக் காற்றும் வந்தால் திறந்த கரையில் அலை ஆள் உயரத்துக்கு மேல் எழும்; படகுகள் தென்னை மரங்களின் அடியில் ஏறிவிடும். அம்மாதங்களில் பலர் நந்திக்கடல் என்னும் களப்புக்குத் திரும்புவார்கள். மழைவெள்ளம் நிறைந்து வட்டுவாகலில் முகத்துவாரம் திறந்துகொள்ளும்போது கடலும் களப்பும் கலக்கும். இறாலும் திரளியும் வீட்டுக்கு உலை வைக்கும்.

கோடையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அப்போது அது அலையின் வடிவில் வராமல், கச்சான் காற்றின் வடிவில் வருகிறது. தரைப் பக்கத்திலிருந்து வீசும் அக்காற்றில் கரையோரக் கடல் குளம்போல் அமைதியாகத் தோன்றும். இயந்திரம் பழுதுபட்டு நின்ற படகை அதே காற்று மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குக் கொண்டு போய்விடும். கிழக்கே அந்தமான் வரையில் வேறு கரை இல்லை. வாடைக் காற்றோ எதிர்த்திசையிலிருந்து கொண்டுவருவது. 2024 டிசம்பர் 19 ஆம் நாள், பர்மாவின் ரோஹிங்கியா மக்கள் நூற்றுவருக்கு மேற்பட்டோர், அவர்களுட் குழந்தைகளும் பலர், ஒரு படகிலே முள்ளிவாய்க்காற் கடலில் தத்தளித்து வந்து சேர்ந்தனர். அவர்களைக் கண்டவர்கள் அவ்வூர் மீனவரே. பின்னர் கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்றனர். 2009 ஆம் ஆண்டில் அதே முள்ளிவாய்க்கால் மணலில் உணவுக்கும் தண்ணீருக்கும் தவித்து நின்ற மக்கள், பசித்து வந்தவரின் முகத்தை வேறு யாரும் விளக்காமலே அறிந்திருப்பார்கள்.

படகு கரையை விட்டு விலகியதும் தண்டையல் திரும்பிப் பார்க்கிறார். கோவிற் கோபுரம், உயர்ந்த பனை, தேவாலய முகடு என இரண்டு குறிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தித் தம் இடத்தை அறிவது மூத்தவர் வழக்கம். இளையவர் செய்மதி காட்டும் எண்களைப் பார்க்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது பழைய கரைக்குறிகள் பலவும் ஒரே காலைப்பொழுதில் மறைந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை, முல்லைத்தீவு புனித இராயப்பர் ஆலயத்திலும் அலை புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. இராயப்பரும் வலை வீசிப் பிழைத்தவர்தாம். அந்தக் கடலுக்கே மீண்டும் போவதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், பலர் விடை கூறாமல் வலையைப் பார்ப்பார்கள்.

வலை விரிக்கும் இடம் வந்ததும் இயந்திரத்தை அடக்கி, மிதப்புக் கட்டைகள் ஒரு பக்கமும் ஈயக் குண்டுகள் ஒரு பக்கமுமாக வலையை மெல்ல இறக்குகிறார்கள். பின்னர் காத்திருத்தல். கடற்றொழிலின் பெரும்பகுதி காத்திருத்தலே என்பதைக் கரையில் இருப்போர் எண்ணுவதில்லை. வலையை இழுக்கும் வேளையில் கும்பளா, பாரை, கட்டா, சில நாட்களில் நல்ல அறக்குளா ஒன்றிரண்டும் வரும். முதல் பத்துப் பாகத்தை இழுக்கும்போதே, அன்றைய வலை கனக்கிறதா, வெறுமையா என்பது கை வழியாகத் தெரிந்துவிடும். மீனோடு கிழிசலும் வந்தால் தண்டையலின் முகம் மாறுகிறது.

கிழிசலின் கதை நீண்டது. 1952 ஆம் ஆண்டில் கேரளக் கரையில் நோர்வே நாட்டின் உதவியுடன் தொடங்கிய மீன்பிடித் திட்டம் இந்தியக் கரைகளில் இயந்திரப் படகுகளைப் பெருக்கியது. அடிமடி இழுவை முறை தமிழ்நாட்டுக் கரைக்கும் பரவியது. கடலின் அடித்தரையைக் கலப்பைபோல் உழுது, குஞ்சும் முட்டையும் பாசியும் ஒன்றாக வாரும் முறை அது. தங்கள் பக்கத்துக் கடல் மெலிந்தபின், 1974, 1976 ஆம் ஆண்டுகளில் இரு நாடுகளும் வகுத்த எல்லையைக் கடந்து அப்படகுகள் வடகடலுக்கும் முல்லைத்தீவு வரையிலும் வருகின்றன. 2017 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டிலே ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்று அங்கே வகுத்த அந்தத் தடையால், இங்கே சிறுதொழிலாளி தன் வலையை இரவில் அச்சமின்றி விடுகிறான். ஏனைய மாதங்களில் தொலைவில் ஒளிவரிசை தெரிந்தால் வலையை விடுவதா, வெறுங்கையோடு திரும்புவதா என்று படகிலேயே முடிவு செய்ய வேண்டும். விட்டால் வலை போகலாம்; விடாவிட்டால் எண்ணெய் போயிற்று. எதிரே வருவோரும் தமிழே பேசுகின்றனர், அவர்களிலும் கூலிக்கு வருவோரே மிகுதி என்பது இந்த வழக்கை எளிதாக்கவில்லை.

திரும்பி வருதல் புறப்படுதலிலும் கடினம். போகும்போது அலையை முகத்துக்கு முகம் காணலாம். வரும்போது அது முதுகுப்புறம் வருகிறது. ஓர் அலையின் பின்னே ஒட்டிக்கொண்டு, அதை முந்தாமலும் அடுத்ததற்கு அகப்படாமலும் படகைச் செலுத்தி, சரியான கணத்தில் இயந்திரத்தை உயர்த்திவிட வேண்டும். கரையில் நிற்போர் ஓடிவந்து பிடித்து இழுக்கிறார்கள்.

மீன் மணலிற் கொட்டப்பட்டதும் கூறுவோன் விலை கூறத் தொடங்குகிறான். வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் வாங்கிய படகென்றால் மீன் பணம் தந்தவருக்கே போகும். விலையும் அவர் வாய்ச்சொல்லே. எண்ணெய்ச் செலவு முதலிற் கழிகிறது. பின்னர் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, எஞ்சியது உழைத்தவருக்கு. கறிக்கென்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் சில மீன்கள் மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

வியாபாரிகள் பெட்டிகளில் பனிக்கட்டியிட்டுப் புறப்படுகிறார்கள். சாலையின் அந்தப் பக்கத்திலேதான் தண்ணீரூற்று. தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த அவ்வூரிலிருந்தும் 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பி வந்துள்ளனர். உள்ளூருக்குக் கடல் வந்து சேரும் வழி மீன் ஒன்று மட்டுமன்று. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை முன்னிட்டுச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிற் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. வயலூராரும் கடலூராரும் அவ்விளக்கின் முன் ஒன்றாக நிற்கின்றனர்.

வெயில் தாழ்ந்தபின் கடற்கரையில் வலை விரித்துக் கிடக்கிறது. தண்டையல் காலின் பெருவிரலில் கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த இடங்களை ஒவ்வொன்றாக முடிகிறார். பக்கத்தில் அவருடைய மகன் நூலைச் சுற்றிக் கொடுக்கிறான். அவனுக்கு அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. வாடியின் வாயிலில் மறுநாளுக்குரிய மண்ணெண்ணெய்க் கலன் பாதியளவே நிறைந்து நிற்கிறது.